குதிகால் பந்தி

எங்க நல்லூத்துப்பட்டியில யாரு வீட்டு விசேஷமா இருந்தாலும் நாலு தெருவுக்கு மணக்க மணக்கச் சமைச்சுப் போடுற சொர்ணக்கிளி அக்காவோட இடது குதிகாலுக்குள்ள ஒரு கல்யாணப் பந்தி நடந்துக்கிட்டு இருக்குன்னு மொதமொதல்ல கண்டுபிடிச்சவ நான்தான். வேற யாராச்சும் நாங்கதான்னு சொன்னா நம்பாதீங்க, அக்காகிட்ட பதினெட்டு வருஷமா காய் வெட்டுற செல்லத்தாய்தான் மொத ஆளுன்னு அவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க.

அன்னைக்கு ஆவணி மாசத்து முகூர்த்தம். சமையல் எல்லாம் எறக்கி வச்சுட்டு, அக்கா கவுத்துப் போட்ட அண்டா மேல உக்காந்து, காலைத் தூக்கி என் மடியில போட்டு, "முள்ளு ஏறியிருக்கும் போலடி, நின்னா சுருக்குங்குது, பாரு"ன்னு சொல்ல, நானும் ஊக்கை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சேன். வருஷக்கணக்கா கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளியா இருந்தது இப்பப் புளியங்கொட்டை அளவுக்கு, ஓரமெல்லாம் கோணல்மாணலா, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமா விரிஞ்சு கெடந்துச்சு. இன்னும் கிட்டக்க குனிஞ்சப்பத்தான் கேட்டுச்சு. "சாம்பார்... சாம்பார்..."னு ஒரு குரல், நாற்காலி இழுக்குற சத்தம், இலையில தண்ணி தெளிக்கிற சத்தம், "இங்க ஒருத்தருக்கு அப்பளம் விட்டுப்போச்சு பாருங்க"ன்னு ஒரு பொம்பளையோட அதட்டல்.

"அக்கா, உள்ள பந்தி நடக்குது"ன்னேன்.

"எத்தனாவது பந்தி?"ன்னாங்க அக்கா.

"மொதப் பந்திதான் போல. இப்பத்தான் சாம்பாருக்கு வந்திருக்காங்க."

"அப்ப ரசம் போறதுக்குள்ள அந்த வாளியக் கழுவி வை"ன்னு சொல்லிட்டு அக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவங்களுக்கு வேலை நேரத்துல கண்ட பேச்சு பிடிக்காது.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சு, மறுநாள் காலையில இருந்து அக்கா வீட்டு வாசல்ல செருப்பு குவிஞ்சுபோச்சு. வந்தவங்க ஒவ்வொருத்தரா அக்கா காலைப் பிடிச்சுக் காதுல வச்சு, தலையை ஆட்டி, அது சைவப் பந்திதான்னு சில பேரும், இல்லவே இல்ல நான் எலும்பு கடிக்கிற சத்தம் கேட்டேன்னு சில பேரும் சண்டை போட்டு, வடை எத்தனை வச்சாங்க, பாயாசம் சேமியாவா பருப்பான்னு விசாரிச்சு, கடைசியில எல்லாரும் ஒரே எடத்துல வந்து முட்டி நின்னாங்க. இது யாரு வீட்டுக் கல்யாணம்? நம்மள ஏன் கூப்பிடல? பத்திரிகை வரலையேன்னு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச குடும்பம் எனக்குத் தெரிஞ்சே மூணு இருக்கு. அவங்களைச் சமாதானப்படுத்த அக்கா வெத்தலை பாக்கு வச்சு, "எனக்கே சொல்லாமத்தான் நடத்துறாங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்க.

இந்த எடத்துல அக்கா வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லியாகணும். பேரு வீரபுத்திரன், எனக்கு மச்சான் முறை. பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கெடையாது, ஒல்லியா, சத்தமா ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அவரு சமைக்க மாட்டாரு, பரிமாற மாட்டாரு, எலை எடுக்க மாட்டாரு, ஒரு தேங்கா ஒடைச்சு நான் பாத்ததில்ல. தோள்ல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டுப் பந்திக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பாரு, அவ்வளவுதான். ஆனா அவரு நடந்தா பந்தி எந்திரிக்கும். சாப்பிட்டு முடிச்சு ஊர்க்கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளோட நாற்காலிக்குப் பின்னாடி போய் நிப்பாரு, மெதுவா ஒரு இருமல் இருமுவாரு, "அண்ணாச்சி, கை கழுவ வெந்நீர் வச்சிருக்கு"ம்பாரு, "மதினி, வாசல்ல பூ குடுக்கிறாங்க, தீரப்போகுது"ம்பாரு. எந்திரின்னு ஒருத்தரைப் பாத்து ஒரு நாளும் சொன்னதில்ல, எந்திரிச்ச ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்ல. அறுநூறு பேரு வந்த கல்யாணமா இருந்தாலும் ரெண்டு மணிக்குள்ள கடைசிப் பந்தி முடிஞ்சு, மச்சானும் அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவாரு. இந்தப் பதினெட்டு வருஷத்துல அவரு எலை போட்டு உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல.

அந்த மனுஷனுக்கும் அக்காவுக்கும் வைகாசியில வம்பு வந்துச்சு. கவுன்சிலர் சிகாமணியோட மகள் கல்யாணத்துல, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தர் நாலாவது தடவை பாயாசத்தக் குடிச்சுட்டு எந்திரிக்காம உக்காந்திருக்க, மச்சான் பின்னாடி போய் இருமியிருக்காரு. அந்தாளு, "என்னை வெரட்டுறியா?"ன்னு துள்ளிட்டாரு. சிகாமணி பதறிப்போயி அக்காவைப் பிடிச்சுக் கத்த, அக்கா சபையைச் சமாளிக்கணும்னு அத்தனை பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தைய விட்டுட்டாங்க. "ஐயா, அது சமைக்கிறதும் இல்ல, பரிமாறுறதும் இல்ல, சும்மா சுத்துற குப்பை. அதுக்காக என் சமையலைக் கோவிச்சுக்காதீங்க."

கட்டின புருஷனை அதுன்னு சொன்னாங்க, குப்பைன்னும் சொன்னாங்க. மச்சான் தோள்ல கெடந்த துண்டை எடுத்து, மடிச்சு, ஒரு காலி நாற்காலியில வச்சுட்டு வெளிய போயிட்டாரு. அன்னைக்கிருந்து வீட்டுல படுக்கிறதோட சரி, பேச்சு கெடையாது, பகல் பூரா பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து பழைய பேப்பரைப் படிச்சுக்கிட்டு இருப்பாரு. அன்னைக்கிருந்து எங்க ஊர்ல எந்தப் பந்தியும் நேரத்துக்கு எந்திரிக்கல. மொதப் பந்திக்காரங்க மூணு மணி வரைக்கும் உக்காந்திருக்க, அடுத்த பந்திக்காரங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னு நின்னு கால் கடுத்து, பாதிப் பேரு வாழைப்பழத்த மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. அக்கா கால்ல இருந்த கடுகு பெருக்க ஆரம்பிச்சதும் அதே வைகாசியிலதான். கணக்குப் போட்டுப் பாத்து நான் சொன்னேன், யாரு கேட்டாங்க!

இப்ப நாங்க செஞ்ச கூத்தைக் கேளுங்க. எங்க ஊர்ல பந்தியில உக்காந்த ஆளைப் பசியோட விடமாட்டோம், எந்திரின்னு சொல்லவும் மாட்டோம், அது எங்க ரத்தத்துல ஊறினது. குதிகாலுக்குள்ள இருந்து "இன்னும் கொஞ்சம் சோறு கெடைக்குமா?"ன்னு ஒரு குரல் வந்ததும் மொதல்ல துடிச்சது சிகாமணிதான். "நம்ம ஊருக்குள்ள உக்காந்து ஒருத்தன் சோறு கேக்குறான், நாம வேடிக்கை பாக்குறதா?"ன்னு எறங்கிட்டாரு. அன்னைக்கிருந்து தினமும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அக்கா கால் நீட்டி உக்கார, குதிகாலுக்குக் கீழ ஒரு சின்ன எலைய விரிச்சு, சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், கடைசியில பாயாசம்னு மொறையா வச்சோம். தெருவுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கிட்டோம். கீழத்தெருக்காரங்க அதிரசம் வச்சாங்கன்னு மேலத்தெருக்காரங்க போளி வச்சாங்க. வச்சது எலையிலயே காஞ்சு கெடக்கும், ஆனா உள்ள இருந்து ஏப்பம் விடுற சத்தம் கேக்கும், எங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

புளியங்கொட்டை ரூபாய் நாணயம் ஆச்சு. உள்ள கூட்டம் கூடிப்போயி, ஒரு வரிசை மூணு வரிசையாச்சு. புதுசா ஒரு குரலும் கேக்க ஆரம்பிச்சுச்சு. அசல் சிகாமணி குரலேதான். "இருங்க இருங்க, என்ன அவசரம்? உக்காருங்க, பாயாசம் வருது." அதைக் கேட்டு சிகாமணிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "நம்ம பண்பாடு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கு பாத்தீங்களா!"ன்னாரு.

அக்கா மட்டும் நொண்டிக்கிட்டே சமைச்சாங்க.

கார்த்திகையில ஒரு கல்யாணத்துக்கு மதுரையில இருந்து டாக்டர் மெஹருன்னிசா வந்திருந்தாங்க, பொண்ணோட தோழி, தோலுக்குப் பாக்குறவங்க. வத்தக்குழம்பு சாப்பிட்டுட்டு, "இதை வச்சவங்க கையைப் பாக்கணும்"னு அடுப்படிக்குள்ள வந்தாங்க. நாங்க அப்பத்தான் குதிகாலுக்கு எலை போட்டுக்கிட்டு இருந்தோம். அந்தம்மா கையைப் பாக்காம காலைப் பாத்தாங்க. பட்டுச் சேலையோட ஈரத் தரையில மண்டிபோட்டு, அந்தக் கறுப்பை விரலால அளந்து, அப்புறம் காதை வச்சாங்க.

"எப்ப இருந்து உக்காந்திருக்காங்க?"ன்னு கேட்டாங்க.

"ஆவணியில இருந்து டாக்டர்."

"ஒருத்தர்கூட எந்திரிக்கலையா?"

"வந்தவங்களை எப்படி டாக்டர் எந்திரிக்கச் சொல்றது?"ன்னு சிகாமணி சிரிச்சாரு. டாக்டரம்மா சிரிக்கல. "நாளைக்குக் காலையில என் ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. கண்டிப்பா வாங்க. இந்த எலைய எடுங்க மொதல்ல"ன்னாங்க.

நானும் அக்காவும் போனோம். கொஞ்சூண்டு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க. பத்து நாள் கழிச்சு எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க.

"அம்மா, உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நேரம் இருக்கு. வரும், உக்காரும், வேலையப் பாக்கும். பழுதாயிட்டா தானே எந்திரிச்சு எடத்தைக் குடுத்துட்டுப் போயிரணும். அது அப்படிச் சாகுறதுனாலதான் நாம நல்லா இருக்கோம். உங்க கால்ல, தோலுக்கு நெறம் குடுக்கிற செல்லுங்க சிலது சாகுறதையே விட்டுருச்சு. உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு மேல மேல ஆளு சேக்குது. தோல் புத்துநோயில இது ஒரு வகை. வெயிலே படாத உள்ளங்கால்லயும் வரும்."

புத்துன்னதும் நான் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டேன். அக்கா, "எந்திரிக்கச் சொல்ல உள்ள ஆளே கெடையாதா?"ன்னு கேட்டாங்க.

"இருக்காங்கம்மா. ஆர்.என்.ஏ.ன்னு செல்லுக்குள்ள இருக்கு. அதுல ஒரு ரகம் சமையல் குறிப்பு மாதிரி, அதைப் பாத்துத்தான் உடம்பு தனக்கு வேணுங்கிற புரதத்தைச் செய்யுது. இன்னொரு ரகம் ஒண்ணுமே சமைக்காது, சும்மா சுத்தும். முன்னாடி எல்லாம் பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களே அதுக்கு வேலையே இல்ல, குப்பைன்னு நெனச்சுட்டாங்க. இப்பத்தான் தெரியுது, யாரு உக்காரணும், யாரு எந்திரிக்கணும்னு காதோரமாப் போய்ச் சொல்றது அதுல பல பேருன்னு. அந்த ஆளுங்க வாயடைச்சுப் போனா இப்படி ஆகும். அந்தக் கூட்டத்துலயே கெட்டவங்களும் உண்டு, எந்திரிக்கப் போறவனைத் தோளைப் பிடிச்சு அமுக்கி, இருங்க இருங்கன்னு சொல்றவங்க."

"குப்பைன்னா சொன்னாங்க டாக்டர்?"ன்னாங்க அக்கா.

"ஆமாம்மா. தப்பாச் சொல்லிட்டாங்க."

அக்கா தலையைக் குனிஞ்சு முந்தானையால கண்ணை ஒத்திக்கிட்டாங்க. டாக்டரம்மா நோயை நெனச்சு அழுறாங்கன்னு தோளைத் தட்டிக் குடுத்தாங்க. பத்து நாள்ல வர்ற வெள்ளிக்கிழமை கத்தி வைக்கிறதுன்னு முடிவாச்சு. அந்த வாயடைச்ச ஆளுங்களைப் பேச வைக்கிறதுக்கு உலகம் பூரா மருந்து தேடுறாங்களாம், இன்னும் கைக்கு வரலையாம், இப்போதைக்குக் கத்திதான் வழி. மேலாப்புல இருந்தா வெட்டி எடுத்துட்டு, தொடையில இருந்து தோலை எடுத்து ஒட்டிரலாம். எலும்பு வரைக்கும் எறங்கியிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிச் சொல்லும்போது டாக்டரம்மா குரலே எறங்கிருச்சு.

அக்கா வீட்டுக்குப் போகல. பஸ்ஸை விட்டு எறங்கினதும் நொண்டிக்கிட்டே நேரா அந்த பெஞ்சுகிட்ட போய் நின்னாங்க. காலை பதினொரு மணி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூட்டம். மச்சான் பேப்பரைக் கீழ எறக்கல.

"ஏங்க, நான் அன்னைக்குச் சபையில உங்களை அதுன்னு சொல்லிட்டேன்."

"குப்பைன்னும் சொன்ன"ன்னு பேப்பருக்குள்ள இருந்து பதில் வந்துச்சு. ஆறு மாசத்துக்கப்புறம் வந்த மொத பேச்சு.

"சொன்னேன். பெரிய படிப்பு படிச்சவங்களும் அப்படித்தான் தப்பாச் சொல்லிட்டாங்களாம்."

"அவங்க மன்னிப்பு கேட்டாங்களாமா?"

"அது எனக்குத் தெரியாது. நான் கேக்குறேன்."

மச்சான் பேப்பரை எறக்கினாரு. அக்கா நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னாங்க, புத்து, வெள்ளிக்கிழமை, பாதம், எல்லாம். "எனக்குப் பயமா இருக்குங்க. ஒத்தக் கால்ல நின்னு நான் எப்படி உலை வைப்பேன்?"னு சொல்லும்போது சொர்ணக்கிளி அக்கா, ஆயிரம் பேருக்குச் சோறு பொங்கறப்பக்கூட அசராத பொம்பளை, சின்னப் புள்ளையாட்டம் உதட்டைப் பிதுக்கி அழுதாங்க. நானும் அழுதேன். பழக்கடைக்காரி எதுக்குன்னு தெரியாமலே அழுதா.

மச்சான் பெஞ்சை விட்டு எந்திரிச்சாரு. "உக்காரு கிளி"ன்னாரு. அப்புறம் தொழில்காரரா ஒரு கேள்வி கேட்டாரு. "எத்தனை பேரு இருக்கும்?"

அக்காவை பெஞ்சுல உக்கார வச்சு, பஸ் ஸ்டாண்டு தரையில குப்புறப் படுத்து, குதிகால்ல காதை வச்சாரு. பதினொண்ணு இருபது பஸ்ஸோட டிரைவர் வண்டிய ஆஃப் பண்ணிட்டு, சத்தம் போடாதீங்கய்யான்னு பயணிங்களை அதட்டினாரு. கால்மணி நேரம் கழிச்சு மச்சான் சட்டையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு.

"மூணு வரிசை. சாப்பாட்டுல குத்தமில்ல, மோரும் ஊத்தியாச்சு, எல்லாருக்கும் வயிறு ரொம்பி மாசக்கணக்காச்சு. எந்திரிக்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான், மொத ஆளு எந்திரிக்கட்டும்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான். நடுவுல ஒருத்தன் வேற அமுக்கிப் பிடிக்கிறான்."

"நீங்க இருமிப் பாருங்களேன் மச்சான்"னேன். இருமினாரு. உள்ள பந்தி ஒரு நிமிஷம் அமைதியாச்சு, அப்புறம் யாரோ, "வெளிய லாரி போகுது, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு.

மச்சான் யோசிச்சாரு. "என் ஒரு ஆளு இருமல் அங்க எட்டாது. பக்கத்துப் பந்தி எந்திரிச்சா, கூட எந்திரிக்காத பந்தி இந்த ஊர்லயே கெடையாது. நாம ஒரு பந்தி போடுவோம்"னாரு.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டோம். "தாராளமாப் போடுங்க. ஆனா வெள்ளிக்கிழமை காலையில வெறும் வயித்தோட, ஆறு மணிக்கெல்லாம் இங்க இருக்கணும். பந்தி எந்திரிச்சாலும் சரி, எந்திரிக்கலைன்னாலும் சரி"ன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொன்னாங்க.

புதன்கிழமை மத்தியானம் மண்டபத்துல முந்நூறு எலை விழுந்துச்சு. அக்காவை அடுப்படிப் பக்கம் விடாம நாங்களே சமைச்சோம். உப்பு கொஞ்சம் தூக்கலாயிருச்சு, அதைச் சொல்லிக்காட்டினவங்களை நான் இன்னும் மறக்கல. மொத வரிசை மொத நாற்காலியில அக்கா, அவங்களுக்குப் பக்கத்து மேசையில ஒரு தலகாணி, தலகாணி மேல இடது கால், குதிகாலுக்குக் கீழ ஒரு எலை. எல்லாரும் சாப்பிட்டோம், ரசம் வந்துச்சு, பாயாசம் வந்துச்சு, மோர் வந்துச்சு. அப்பத்தான் மச்சான் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடுவுல வந்து நின்னு, வாழ்க்கையில மொத தடவையா சபையில சத்தமாப் பேசினாரு.

"எல்லாரும் எலைய எதிர்ப்பக்கமா மடிக்கணும்."

ஆளாளுக்கு எலையில இருந்து கையை எடுத்துட்டாங்க. எங்க ஊர்ல நல்ல காரியத்துக்குச் சாப்பிட்டா எலைய நம்ம பக்கமா மடிப்போம், இந்த உறவு இன்னும் வேணும், இன்னும் வருவோம்னு அர்த்தம். எதிர்ப்பக்கமா மடிக்கிறது சாவு வீட்டுல மட்டும்தான், இந்த மாதிரி இனிமே வரவேண்டாம்னு. கல்யாண மண்டபத்துல, அதுவும் நோயாளியப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்படி மடிக்கிறதாவது! "ஐயையோ, அபசகுனம்யா! அந்தம்மா உசுரோட உக்காந்திருக்கு!"ன்னு சிகாமணி எந்திரிச்சுட்டாரு.

"அவளுக்கு இல்ல"ன்னாரு மச்சான். "உள்ள உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு. அவங்க காலம் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு, அதை அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லல, நாம பாயாசம் ஊத்திக்கிட்டு இருந்தோம். வயிறார சாப்பிட்டாச்சு, நல்லபடியாப் போகட்டும். மொத எலைய வீட்டுக்காரிதான் மடிக்கணும்."

எல்லாரும் அக்காவைப் பாத்தோம். அக்கா தன் எலையப் பாத்தாங்க. நாப்பது வருஷமா சுப காரியத்துக்கே சமைச்ச கை, எலை ஓரத்தைப் பிடிச்சுட்டு மடிக்காம நின்னுச்சு. நிமுந்து மச்சானைப் பாத்தாங்க. அவரு சும்மா தலையை ஆட்டினாரு. அக்கா மேல் பாதிக்கு அடியில கையைக் குடுக்காம, தன் பக்கத்து எலைய எடுத்து அந்தப் பக்கமா மடிச்சுட்டு, நல்ல காலை ஊனி எந்திரிச்சாங்க.

அடுத்தது நான். எனக்குப் பின்னாடி முந்நூறு எலை படபடன்னு அந்தப் பக்கமா விழுந்துச்சு, முந்நூறு நாற்காலி ஒண்ணாப் பின்னால போச்சு, மண்டபத்துத் தரை அதிர்ந்துச்சு. சிகாமணிதான் பாவம், "இருங்க"ங்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துருச்சு, தோள் துண்டைச் சுருட்டித் தன் வாயில தானே அடைச்சுக்கிட்டு, கண்ணு பிதுங்க எலைய மடிச்சாரு. அவரு செஞ்ச நல்ல காரியங்கள்ல நான் அதைத்தான் மொதல்ல சொல்லுவேன்.

அக்கா மறுபடி இடது காலைத் தலகாணி மேல தூக்கி வைக்க, மச்சான் அவங்க குதிகாலுக்குப் பின்னாடி போய் நின்னாரு. மெதுவா ஒரு இருமல் இருமினாரு. "ஐயாமாரே, அம்மாமாரே, கை கழுவ வெந்நீர் வச்சிருக்கு"ன்னாரு.

உள்ள ஒரு நாற்காலி நகந்துச்சு. அப்புறம் ஒண்ணு. "அட, எல்லாரும் கெளம்பிட்டாங்கப்பா"ன்னு ஒரு பொம்பளைக் குரல், ஏப்பம், செருப்பைத் தேடுற சத்தம், குழாயில தண்ணி விழுற சத்தம், "சாப்பாடு நல்லாருந்துச்சு, உப்புத்தான் தூக்கல்"னு ஒரு கெழவரு முணுமுணுத்துக்கிட்டே போறது, எல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டு ஓஞ்சுச்சு. குதிகாலுக்குக் கீழ கெடந்த எலை யாரும் தொடாமலே அந்தப் பக்கமா மடிஞ்சுச்சு, அது மேல கறுப்பா, பொடிப்பொடியா, நல்லா ஒலந்த தோல் உதுந்துச்சு. நடுவுல ஒருத்தன் மட்டும், "இருங்க, யாராச்சும் இருங்களேன்"னு தனியாக் கத்திக்கிட்டு இருந்தான்.

"அவன் எந்திரிக்க மாட்டான்"னாரு மச்சான். "அவனை டாக்டரம்மா பாத்துக்குவாங்க."

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பாத்துக்கிட்டாங்க. கட்டுப் போட்டு வெளிய வந்து, முகமூடிய எறக்கி, "மேலாப்புலதான் இருந்துச்சும்மா. சுத்தியிருந்ததெல்லாம் தானாவே செத்துக் கெடக்கு. ஓரம் சுத்தமா இருக்கு, பாதம் பத்திரம்"னு சிரிச்சாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், ஒரு தடவை தப்பினாலும் நானே ஊருக்கு வந்து பந்தியில உக்காந்துருவேன்னு மெரட்டினாங்க. வெட்டி எடுத்ததைச் சின்ன போத்தல்ல போட்டுச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அங்க வேலை பாக்குற புள்ளைங்க, மூடியத் தொறந்தா உள்ள இருந்து ஒருத்தன் ரசம் கேக்குறான்னு சொல்லி, அதையும் அறிக்கையில எழுதி அனுப்பிச்சாங்க.

தையில அக்கா அடுப்படிக்கு வந்துட்டாங்க. குதிகால்ல தொடைத் தோலை ஒட்டினது கொஞ்சம் வெளுப்பா இருக்கும், மத்தபடி நடையில ஒரு சாய்ப்புத்தான். ஊருக்கும் புத்தி வந்து, இப்ப எவன் ஒடம்புல ஒரு மச்சம் பெருசானாலும் காதை வச்சுக் கேக்குறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிடுறோம்.

தையில வந்த மொத கல்யாணத்துல, மொதப் பந்திக்கு ஆளு உக்காரும்போது மச்சான் வழக்கம்போல துண்டோட நடந்துக்கிட்டு இருந்தாரு. அக்கா கரண்டியக் கீழ போட்டுட்டு வந்து, அவரு தோள்ல இருந்த துண்டை உருவித் தன் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு நாற்காலிய இழுத்து, "உக்காருங்க"ன்னாங்க. மச்சானுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. எலையில தண்ணி தெளிக்கக்கூட அந்த மனுஷனுக்குக் கை வரல. அக்கா தானே பரிமாறினாங்க. அவரு அவசர அவசரமா அள்ளிப் போட்டுக்கிட்டு, பாதியிலேயே பின்னாடி ஆளு நிக்கிறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு.

நாற்காலி மேல கையை வச்சு, அக்கா குனிஞ்சு சொன்னாங்க. "மெதுவாச் சாப்பிடுங்க. பின்னாடி நிக்கிறது நான்தான்."

சுத்தியிருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயி, அடுத்த பந்திக்காரங்க வந்து நின்னும், அந்த நாற்காலிக்குப் பக்கத்துல ஒருத்தரும் இருமல. மச்சான் பாயாசத்தை வழிச்சு நக்கினாரு, மோர் குடிச்சாரு, விரலைச் சூப்பினாரு. அப்புறம் எலையோட மேல் பாதியப் பிடிச்சு, சுருக்கம் விழாம, தன் பக்கமா மடிச்சாரு.